ஸ்டேஷனரியில் நான் விட்ட பிழை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை நோட்டு, பேனா விற்பனை பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுதிப் பலகையில் ஒட்டினேன். முதல் இடைவேளையிலேயே ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், ஸ்டேஷனரில 'ஈ' வரணும். நீங்க 'ஏ' போட்டிருக்கீங்க."

அவள் சொன்னதுதான் சரி. நான் எழுதியபடி படித்தால், 'நகராமல் நிற்பவை இங்கே கிடைக்கும்' என்று பொருள்! உண்மையில் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்காமல், ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர். அவர் கடைச் சரக்குக்கு 'ஈ', நகராமல் நிற்பதற்கு 'ஏ'. இந்தக் கதை தெரிந்திருந்தால் எனக்கே தப்பு வந்திருக்காது.

தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்த மறுநாள், பிழையான சொல்லை ஐம்பது முறை எழுதிய நோட்டோடு சில பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பையன் முதல் வரியையே தப்பாக எழுதி, அந்தத் தப்பை ஐம்பது தடவை எழுதியிருந்தான். தயவுசெய்து வீட்டில் இம்போசிஷன் கொடுக்காதீர்கள்.

தமிழில் 'பள்ளி'யும் 'பல்லி'யும் குழம்பினால், வாய்விட்டுச் சொல்லிப் பார் என்போம், காதே திருத்திவிடும். ஆங்கிலத்தில் காதை அவ்வளவு நம்ப முடியாது. 'அட்வைஸ்' என்ற சொல்லையே பாருங்கள். அறிவுரைக்குக் கடைசி 'ஈ'க்கு முன்னால் 'சி', அறிவுரை சொல்வதற்கு 'எஸ்'. இரண்டாவதை ஆங்கிலேயர் வண்டு ரீங்கரிப்பதுபோல முடிப்பார்கள். அந்த ஒலி தமிழில் இல்லாததால் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. அது அவர்கள் கவனக்குறைவு அல்ல.

"எனக்கே இங்கிலீஷ் வராதே சார், நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று கேட்பீர்கள். உங்கள் வங்கிப் பாஸ்புக்கில் 'டெபிட்' என்று இருக்கிறதா? கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'பி' (b) அந்தக் குடும்பம்தான். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலப் புலவர்கள் சேர்த்தார்கள். எழுத்தில் ஏறியது, நாக்கில் ஏறவில்லை. 'ஐலண்ட்' சொல்லில் உள்ள 'எஸ்' இன்னும் வேடிக்கை. தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு அதற்கு உறவே கிடையாது. உறவென்று நினைத்து நுழைத்துவிட்டார்கள். அதைப் பிழையாக எழுதும் குழந்தையை நான் அதிகம் திட்டுவதில்லை.

முன்னேற்ற அட்டையில் நீங்கள் 'சைன்' போடும்போது ஒளிந்திருக்கும் 'ஜி', 'சிக்னேச்சர்' என்றதும் வெளியே வந்துவிடும். 'ரிசீட்'டில் பதுங்கிய 'பி' (p), கல்யாண 'ரிசப்ஷன்' பத்திரிகையில் கேட்கும். 'கவர்ன்மென்ட்' எழுதுகையில் நடுவில் உள்ள 'என்' விட்டுப்போனால் 'கவர்னர்' பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ஆங்கில வகுப்பில் டிக்டேஷன் கிடையாது. சத்தமில்லாத எழுத்து உள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை வீட்டிலுள்ள பழைய ரசீது, அழைப்பிதழ், மருந்து அட்டை எதிலாவது தேடி, பிள்ளைகள் அதைக் கொண்டுவர வேண்டும். பாஸ்புக்கைக் கொடுத்தனுப்ப வேண்டாம். சொல்லை மட்டும் எழுதி வந்தால் போதும்.

என் அறிவிப்பை நான் கிழிக்கவில்லை. அந்த மாணவி சிவப்பு மையில் போட்ட 'ஈ'யோடு பலகையில் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்