உயரம் கூட்டும் அறுவைச் சிகிச்சை: விளம்பரத்தில் இல்லாத நாள்கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயரத்தை ஆறு சென்டிமீட்டர் வரை கூட்டித் தருவதாகச் சொல்லும் அறுவைச் சிகிச்சை விளம்பரங்கள் இப்போது கைப்பேசியில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு கோத்தகிரியிலிருந்து சமவெளிக்கு இறங்கி, ஒரு தனியார் மருத்துவமனையில் ஆலோசனை கேட்டு வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 29. உயரம் 5 அடி 3 அங்குலம். டேட்டிங் செயலியில் 5 அடி 6 என்று போட்டிருந்தேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு பெண்ணைச் சந்தித்தபோது சரிவான பாதை நெடுகிலும் மேட்டுப் பக்கமாகவே நடந்தேன் (மலைக்காரனுக்கு இந்த ஒரு வசதி உண்டு). தேநீர்க் கடை வாசலில் தரை சமமாகிவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பதிலும் வரவில்லை. வீட்டில் பார்த்த வரன்களிலும் இரண்டு, "பையன் கொஞ்சம் குள்ளம்" என்ற சொல்லோடு தரகர் அளவிலேயே நின்றுபோயின. ஆகவே, இந்த ஆசையை வெறும் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் குறை வேறு. ஆலோசனை அறையில் முன்பின் படங்களையும் தவணை முறையையும் விளக்கியவர்கள், நாள்கணக்கை நான் துருவித் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்கள். இரு கால்களிலும் எலும்பை அறுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் விட்டு, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், பெரும்பாலும் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை, இடைவெளியை விரிக்கிறார்கள். அந்த இடைவெளியில் புது எலும்பு உருவாகிறது. ஆறு சென்டிமீட்டருக்கு விரிப்பதற்கு மட்டுமே 60 நாள் ஆகும்; அது கெட்டிப்பட்டு உடல் எடையைத் தாங்க அதன்பின் பல மாதங்கள் பிடிக்கும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் எளிதில் ஈடுகொடுப்பதில்லை. கெண்டைக்கால் இறுகிக் குதிகால் தரையில் படியாமல் போகலாம். கிருமித் தொற்று, நரம்புப் பாதிப்பு, எலும்பு கூடாமை, இரத்தக் கட்டி ஆகிய அபாயங்களும் உண்டு.

எங்கள் வீடு சாலையிலிருந்து 70 படி கீழே இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தப் படிகளில் பாசி பிடித்துவிடும். நல்ல காலோடு இறங்குகிறவர்களே சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஊன்றுகோலோடு தினமும் பிசியோதெரபிக்கு ஏறி இறங்குவதை அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன். பிறகு ஒரு கணக்கும் போட்டேன். ஆறு சென்டிமீட்டர் முழுதாகக் கூடினாலும் நான் 5 அடி 5 அங்குலத்தைச் சற்றே தாண்டியிருப்பேன். செயலியில் சொன்ன பொய்யைக்கூட எட்டியிருக்க மாட்டேன்.

இந்தச் சிகிச்சை முறையையே நான் பழிக்கவில்லை. சோவியத் மருத்துவர் இலிசாரோவ் 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் உருவாக்கிய முறை, முறிந்து கூடாத எலும்பையும் குட்டையான காலையும் சரிசெய்வதற்கானது. விபத்தில் ஒரு கால் குட்டையான எங்கள் ஊர்க்காரர் ஒருவர், அந்த முறையில் காலைச் சுற்றி எலும்போடு பிணைக்கும் வளையச் சட்டத்தை மாதக்கணக்கில் சுமந்து, இன்று பசுந்தேயிலை மூட்டையோடு மேடேறுகிறார். அவருக்கு அது நடையைத் திருப்பித் தந்தது. எனக்கோ இருக்கிற நடையைப் பணயம் வைக்கும் காரியம். அழகுக்காக மட்டும் இதைச் செய்வதைச் சீன அரசு 2006ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எத்தனை சென்டிமீட்டர் கூடும் என்பதை அச்சிடும் அதே எழுத்தளவில், எத்தனை மாதம் நடமாட்டம் முடங்கும் என்பதையும் விளம்பரங்களில் அச்சிடச் செய்ய வேண்டும். கத்தி வைப்பதற்கு முன் மனநல ஆலோசனையைக் கட்டாயமாக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது இதை வலியுறுத்துமாறு வேண்டுகிறேன்.

என் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் வெளியிடக் கோருகிறேன். உயரத்தை வெளியிடுவதில் ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி