படத்தை வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் டார்வினின் கடற்பயணம் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். தென் அமெரிக்காவின் சாண்டா குரூஸ் ஆற்றங்கரையில் பீகிள் கப்பல் சாய்ந்து கிடக்கும் படத்தை அரைப்பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். அடியில் ‘பழைய ஓவியம்’ என்று மட்டும் இருந்தது. அந்தக் காட்சியை வரைந்தவர் கான்ராட் மார்டென்ஸ். 1834 ஏப்ரலில் கப்பலின் அடிப்பகுதியைச் செப்பனிடக் கரையேற்றியபோது உடனிருந்தவர். அவர் வரைந்ததைப் பார்த்துச் செதுக்கிய படம்தான் 1839-இல் பீகிளின் கேப்டன் ஃபிட்ஸ்ராயின் நூலில் அச்சேறியது.

1801-இல் லண்டனில் பிறந்த மார்டென்ஸ், ஆங்கிலேய ஓவியர் காப்லி ஃபீல்டிங்கிடம் நீர்வண்ணம் பயின்றவர். கப்பலின் முதல் ஓவியர் அகஸ்டஸ் எர்ல் நோயுற்று விலகியதால் அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. ஓராண்டுக்குள் அதுவும் போயிற்று. 1835-இல் சிட்னியில் இறங்கியவர் 1878-இல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே குடியிருந்தார். 1836 ஜனவரியில் பீகிள் அங்கே வந்தபோது டார்வினே அவரிடம் இரண்டு ஓவியங்களை விலைகொடுத்து வாங்கினார். டார்வினைப் பற்றிய கட்டுரையிலேயே அவர் பெயர் விடுபட்டதுதான் மனத்தை உறுத்துகிறது.

அந்தக்கால ஓவியங்கள் ‘புகைப்படத்துக்குச் சமம்’ என்று கட்டுரையாளர் எழுதியதையும் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நீர்வண்ணம் கற்பித்தவன் நான். ஒளி விழும் இடத்தில் வண்ணம் தொடாமல் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட வேண்டும். எங்கே விடுவது என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வு முதல் பூச்சிலேயே வந்துவிடுகிறது. மார்டென்ஸ் வெளியில் பென்சிலால் குறித்துவந்து, வீட்டில் உட்கார்ந்து, சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்துக்கூட வண்ணம் தீட்டியவர்.

அதோடு, படத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதும் இருக்கிறது. 1851-52இல் கடல்வழியே பிரிஸ்பேன் போய், டார்லிங் டவுன்ஸ் மேய்ச்சல் வெளிகள் வழியாகத் தரைமார்க்கமாகத் திரும்பினார். வழியெல்லாம் ஆட்டுப்பண்ணை முதலாளிகளின் வீடுகளில் தங்கி, அவர்களுடைய வீட்டையும் நிலத்தையும் வரைந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்த நிலமெல்லாம் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. அவருடைய பல படங்களில் அம்மக்கள் முன்புறப் பாறையோரம் விரலளவுகூட இல்லாத உருவங்களாக நிற்கிறார்கள். புகைப்படம் போல என்று சொல்லிவிட்டால் இதையெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை.

அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. 1840-களின் பொருளாதார நெருக்கடியில் ஓவியம் வாங்க ஆளில்லாமல், சிட்னிக் காட்சியைக் கல்லச்சில் போட்டுக் கையால் வண்ணமிட்டு விற்றார். 1863-இல், அறுபது வயதைக் கடந்தபின், நாடாளுமன்ற நூலகத்தில் உதவி நூலகர் வேலைக்குப் போனார். ஆனாலும் துறைமுகத்தின் மேல் படரும் மாலை ஒளியை அவரைப் போல் நீர்வண்ணத்தில் பிடித்தவர்கள் அந்த நாட்டில் அப்போது மிகச் சிலரே.

அடுத்த இதழில் அந்தப் படத்துக்குரிய பெயரையும் ஆண்டையும் திருத்தமாக வெளியிடுங்கள். இனிப் பழைய படம் எதை அச்சிட்டாலும் வரைந்தவர், ஆண்டு, ஊடகம், மூலப்படம் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மதுரை