அம்மாவின் பாஸ்புக்

அன்புள்ள கோமதி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதைத் திட்டிக்கொள். வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இடது கண்ணுக்குக் கார்த்திகையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் எல்.கே.ஜி. போகிறான். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். உன் முழங்கால் எப்படி? அந்தத் தைலத்துக்கு வலி கேட்காது என்று அப்போதே சொன்னேன். மஞ்சள் குடை விவகாரத்தில் என் பேச்சைக் கேட்ட மாதிரியே இதிலும் கேட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வருஷத் திதி முடிந்த மறுநாள் அக்காவும் நானும் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணப் புடவை, அப்பாவின் மூக்குக்கண்ணாடி, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தன. அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே ஒரு தபால் ஆபீஸ் பாஸ்புக் இருந்தது. அம்மா பேரில்.

1971 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறாள். மாசம் 5 ரூபாய். சில மாசம் 3. தீபாவளி மாசங்களில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருஷம் இப்படி. பிறகு 1983 ஜூன் 14 அன்று, 5 ரூபாயை மட்டும் விட்டுவிட்டு, 740 ரூபாயை மொத்தமாக எடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் ஒரு வரியும் இல்லை. மருமகன் போனில் பார்த்துச் சொன்னார், அது செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வெள்ளியில் அடுத்த வீட்டுக்கு உப்புகூடக் கொடுக்காதவள் எங்கம்மா. கத்திரிக்காய் வாங்கிய காசுக்கும் அப்பாவிடம் கணக்கு ஒப்பித்தவள்.

“அவ காசு, அவ செலவழிச்சா, விடு” என்கிறாள் அக்கா. என்னால் விட முடியவில்லை. ராத்திரி தூக்கம் வராமல், கட்டுப் பிரித்த கண்ணோடு நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஹாஸ்டல் நாவல்களை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஹெலன் மக்கின்னஸின் ‘அபவ் சஸ்பிஷன்’ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 83-ஆம் பக்கத்தில் நீ சிந்திய காபிக்கறையும் இருக்கிறது.

அந்தக் கதை உனக்கு மறந்திருக்காது. 1939 கோடை, யுத்தம் வரப்போகிறது. ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்தும் ஒருவரும் மனைவியும் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். காணாமல் போன ஓர் உளவாளியைத் தேடும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. காரணம், அவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஹாஸ்டலில் இதைத் துரத்தல் கதையாகத்தான் படித்தோம். இந்த முறை படித்தபோது துரத்தலை எல்லாம் தாண்டிக்கொண்டு போனேன். ஹோட்டல் மேஜையில் அவர்கள் பொய் பேசும் இடங்களில்தான் நின்று நின்று படித்தேன். அவர் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் அவள் முகம் மாறாமல் அதைப் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவு நம்பிக்கை. அந்த நாவலின் காதல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதை எழுதிய ஹெலனின் வாழ்க்கையிலும் இது உண்டு. கணவர் கில்பர்ட் ஹைட் கிரேக்க, லத்தீன் பேராசிரியர், பிரிட்டிஷ் உளவுத்துறையிலும் வேலை பார்த்தவர். தேன்நிலவுக்குப் பவேரியா போனபோது நாஜிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள்தான் 1941-இல் வந்த அந்த நாவலுக்கு விதை.

டாப்னே டு மாரியர் எழுதிய ‘ரெபெக்கா’ இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அதில் மனைவிக்குக் கணவனைத் தெரியாது. அந்தப் பெரிய வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய்த் தெரிந்துகொள்கிறாள். நாம் படிக்கப் படிக்கக் கதை சொல்கிறவளின் பேரே நமக்குத் தெரிவதில்லை. கணவருக்கு முன்பு நிச்சயமாகியிருந்த ஒரு பெண் மேல் டாப்னே டு மாரியருக்கு இருந்த பொறாமையில்தான் அது பிறந்தது. நீ அதை அழுமூஞ்சிக் கதை என்றாய், ஞாபகமிருக்கிறதா? அந்த அழுமூஞ்சிக் கதையைத்தான் 1942-இல் ஜெர்மன் தளபதி ரோமலின் ஆட்கள் ரகசியச் சங்கேதத்துக்குச் சாவியாக எடுத்துக்கொண்டார்கள். லிபியாவிலிருந்து பாலைவனம் கடந்து எகிப்துக்குள் வந்த இரண்டு ஜெர்மன் உளவாளிகள், கெய்ரோவில் நைல் நதியில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தார்கள். கையில் ‘ரெபெக்கா’. அங்கே ஒரு பிரதி, இங்கே ஒரு பிரதி, நடுவில் எண்கள். ஜூலையிலேயே பிடிபட்டுவிட்டார்கள். எனக்கு அந்தப் படகு வீட்டை நினைத்தாலே சிலிர்க்கிறது. இப்போதாவது ஒத்துக்கொள்.

காதலிக்கிறவளும் உளவு பார்க்கிறவளும் எதிரே இருக்கும் ஆளைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இவரை நம்பலாமா? அதனால்தான் இரண்டும் ஒரே கதைக்குள் அவ்வளவு இயல்பாகச் சேர்ந்துவிடுகின்றன. துப்பாக்கியும் எல்லைக்காவலும் நமக்கு எங்கேயோ நடக்கிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்ற பயம் எல்லா வீட்டுக்கும் பொது.

கிழக்கு ஜெர்மனியில் வேரா வோலன்பெர்கர் என்ற பெண்ணுக்கு இது கதையாக இல்லை, வாழ்க்கையாகவே நடந்தது. அரசை எதிர்த்துப் போராடி 1988-இல் சிறைக்குப் போனவர். அந்நாட்டு ரகசியப் போலீசான ஸ்டாசியின் கோப்புகள் திறக்கப்பட்டபோது, தன்னைப் பற்றித் தகவல் கொடுத்துவந்த ‘டொனால்ட்’ தன் சொந்தக் கணவர்தான் என்று அவருக்குத் தெரிந்தது. தன் பிள்ளைகளின் தகப்பன். ஸ்டாசி விட்டுப்போன காகிதங்களை அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். அதில் அந்த மனுஷன் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பது இருக்கும். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் எப்படி அதையும் செய்தார் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கும்?

ஆனால் என்னை உலுக்கியது மெலிட்டா நார்வுட்தான். லண்டன் ஓரம் பெக்ஸ்லிஹீத்தில் ஒரு கிழவி. 1999 செப்டம்பரில், 87 வயதில், அவர் பல வருஷம் சோவியத் உளவாளியாக இருந்தது வெளியே வந்தது. உலோக ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றில் காரியதரிசியாக இருந்துகொண்டு அணுகுண்டு சம்பந்தப்பட்ட காகிதங்களைக் கொடுத்திருக்கிறார். வீட்டு வாசலில் நின்று பத்திரிகைக்காரர்களுக்கு அறிக்கை வாசித்தார். வழக்கு எதுவும் போடவில்லை. அவர் மகளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. செய்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன். நான் அந்த மகளைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் அம்மா சமைத்த ஒவ்வொரு ராத்திரியையும் திரும்பப் போய்ப் பார்த்திருப்பாள் அல்லவா?

நானும் போய்ப் பார்க்கிறேன், கோமதி. நாவலில் கடைசி முப்பது பக்கத்தில் யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். பாஸ்புக்கில் தேதி இருக்கிறது, ரூபாய் இருக்கிறது, தபால் ஆபீஸ் முத்திரை இருக்கிறது.

1983 ஜூனில் பி.ஏ. பரீட்சையெல்லாம் முடிந்து நீ எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தாய். நான் காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விடுவேன். நீதான் அம்மாவோடு அடுப்படியில் இருந்தாய். அம்மா எங்கேயாவது போனாளா? யாராவது தேடி வந்தார்களா? இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். எழுத எழுத வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று அம்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாள். வாசல் தாண்டி அவள் யாரையும் வழியனுப்பியதே இல்லை. ஜூலையில் நீ பி.எட். சேர்ந்தாய். உன் மாமா பணம் கொடுத்தார் என்று எழுதினாய். அந்த மாமாவை உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அது நீயா?

யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாலும், அவள் போயே ஒரு வருஷம் ஆகிவிட்டது. எனக்குக் கோபம் துளியும் இல்லை. அந்த செவ்வாய்க்கிழமை அவள் எந்தப் புடவை கட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனாள், என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று யாராவது எனக்குச் சொன்னால் போதும். எழுத முடியாது, நேரில்தான் சொல்ல முடியும் என்றால் கிளம்பி வா. மாடி காலியாகத்தான் இருக்கிறது.

உன்
வடிவு