11 வருஷம் கதைக்காத இரண்டு கிழவர்கள்

வெள்ளவத்தை

அன்புள்ள மச்சான் ரவி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றாய், சந்தோஷம். இங்கே வழமைபோலத்தான். உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்று தீர்த்துவிட்டது, மாற்ற வேண்டும்.

அதை விடு. போன கிழமை மகன் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டுக் காட்டினான். 'த சன்ஷைன் போய்ஸ்', 1975. நீல் சைமனின் மேடை நாடகத்தைப் படமாக்கியிருக்கிறார்கள். லூயிஸ், கிளார்க் என்று இரண்டு சிரிப்பு நடிகர்கள். 43 வருஷம் ஜோடியாக நடித்தவர்கள், பிரிந்து 11 வருஷமாகக் கதைப்பதில்லை. பெரிய துரோகம் ஒன்றும் கிடையாது. லூயிஸ் மேடையில் நெஞ்சில் விரலால் குத்துவானாம், வசனம் பேசினால் முகத்தில் எச்சில் தெறிக்குமாம். கிளார்க் இன்னும் நடிக்க ஆசையோடு இருந்தபோது அவன் ஓய்வு பெற்றுவிட்டான். உண்மையான கோபம் அதுதான், ஆனால் கிளார்க் வாயைத் திறந்தால் விரலும் எச்சிலும்தான் வருகின்றன.

தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக இருவரையும் சேர்த்து வைக்க கிளார்க்கின் கூடப்பிறந்தவரின் மகன் படாத பாடு படுகிறான். ஒத்திகைக்கு வந்தவர்கள் கதிரையை எங்கே வைப்பது என்பதிலேயே இழுபடுகிறார்கள். பிறகு பழைய வசனத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட்டான் என்று அடுத்த சண்டை. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பையனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இன்னொரு சங்கதி. லூயிஸாக நடிக்கவிருந்தவர் ஜாக் பென்னி. 1974 டிசம்பரில் அவர் இறந்துபோக, அந்த வேடம் ஜோர்ஜ் பேர்ன்ஸுக்குப் போனது. இருவரும் ஐம்பது வருஷத்துக்கு மேல் உயிர்ச் சிநேகிதர்கள். பென்னியின் இறுதிச் சடங்கில் பேச எழுந்த பேர்ன்ஸால் பேசி முடிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் சில மாதத்திலேயே அந்த இடத்தில் நின்று, கூட்டாளியைக் கண்டாலே ஆகாத ஒருவனாக நடிக்கிறார். அதற்கு 80 வயதில் ஒஸ்கார் வாங்கினார்! கிளார்க்காக வரும் வோல்டர் மத்தாவோ அவரைவிட 24 வயது இளையவர். படத்தில் அது தெரியவே தெரியாது.

நம் இலங்கை வானொலி நகைச்சுவை நாடகத்தின் 'கோமாளிகள்' ஞாபகம் வந்தார்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயரே அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டதே! ஒன்றைச் சொன்னால் மற்றதும் வாயில் வந்துவிடும். லூயிஸ் கிளார்க்கும் அப்படித்தான். தனியாக விட்டால் இருவரும் பாதி ஆள்தான். கடைசியில்கூட அணைத்துக்கொண்டு அழுவதில்லை. கிளார்க் மாரடைப்பில் படுத்திருக்க, பார்க்க வந்த லூயிஸோடு அப்போதும் வாக்குவாதம். பிறகுதான் தெரிகிறது, இரண்டு பேரும் போய்ச் சேரப்போவது ஒரே முதியோர் இல்லம்.

சரி, நம் சிநேகிதன் செல்வத்துக்கு வருகிறேன். உன் மோட்டார் சைக்கிள் விவகாரத்தை அவன் இன்னும் விடவில்லை. காணும்போதெல்லாம் "அவன் எழுதினானா?" என்று கேட்பான். எழுதினான் என்றால் அரை மணி நேரம் உன்னைத் திட்டுவான். திட்டி முடித்து, "முழங்கால் எப்படியாம்?" என்பான். நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் அவனைப் பற்றி ஒரு பந்தி திட்டுகிறாய். முத்திரைச் செலவு மட்டும் எனக்கு.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? அவனையும் கூப்பிட்டு இந்தப் படத்தைப் போடப்போகிறேன். இரண்டு பேருக்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன், என் வீட்டுக் கதிரைகளை யாரும் நகர்த்தக் கூடாது. தேதி முடிவானதும் உடனே எழுது.

அன்புடன்,
குமார்