கரையிறங்குவோர் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போடுங்கள்

அண்டார்க்டிகா உடன்படிக்கையில் முடிவெடுக்கும் உரிமை வைத்திருக்கும் 29 நாடுகளுக்கும், அதில் நம் இந்தியாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும்,

வணக்கம். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, டிரேக் நீரிணையில் வாந்தி எடுத்து, அண்டார்க்டிகா தீபகற்பத்தின் தீவுகளைச் சுற்றிவிட்டு வந்த பயணி எழுதுகிறேன். ஆளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும் சொகுசுப் பயணம் அது. நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு அடுத்தவனை வராதே என்கிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் யாரையும் வராதே என்று சொல்லவில்லை, வருகிறவர்களை எண்ணுங்கள் என்கிறேன்.

கப்பலுக்குள் ஒழுங்கு கடுமை, அதில் எனக்குக் குறையே இல்லை. கரையிறங்குவதற்கு முன்னால் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, கோட்டுப் பை, ஷூ நாடா, வெல்க்ரோ பட்டை என்று ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்யச் சொன்னார்கள். என் பழைய முதுகுப்பையின் வெல்க்ரோவில் ஊர் வரப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நாயுருவி விதை ஒன்று இருந்தது. வழிகாட்டிப் பெண் அதை இடுக்கியால் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கித்தான் ஸோடியாக் படகில் கால் வைக்க முடியும். கரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, பையைக் கீழே வைக்கக்கூடாது. 2023 அக்டோபரில் அண்டார்க்டிகாவுக்குப் போகும் வழியிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா நிலப்பரப்பிலும் பறவைக் காய்ச்சல் உறுதியாகிவிட்டதால் இந்தக் கெடுபிடி தேவைதான். (நோயைக் கொண்டு வந்தவை பறவைகள்தான், பயணிகள் அல்ல. அதைப் பரப்பாமல் இருப்பது எங்கள் பொறுப்பு, அவ்வளவுதான்.)

நேகோ துறையில் பனி முழங்கால் ஆழம். யாராவது கால் புதைந்து குழி விழுந்தால், பின்னால் வரும் வழிகாட்டி அதைப் பனியால் நிரப்பி மிதித்துச் சமப்படுத்திவிட்டுத்தான் நகர்வார், ஏனென்றால் ஜென்டூ பென்குயின் அதில் விழுந்தால் ஏற முடியாது. இவ்வளவு அக்கறை. ஆனால் நாங்கள் நங்கூரம் எடுத்துப் புறப்படும்போதே அடுத்த கப்பல் விரிகுடாவுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் ஒரு கப்பல்தான், கரையில் 100 பேருக்கு மேல் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டி, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது, எல்லாம் சரி. ஒரு பருவத்துக்கு மொத்தம் எத்தனை பேர் இறங்கலாம் என்பதற்கு மட்டும் எண்ணே கிடையாது!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பருவத்துக்குப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. 2023-24இல் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் மீதி எண்பதாயிரம். பெரும்பாலும் தீபகற்பத்தின் அதே சில இடங்களில், அதே நான்கைந்து மாதங்களில். கப்பல் புகையின் கரி படிந்து, ஒரு பயணியின் பங்குக்குச் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகுகிறது என்று 2022இல் ஓர் ஆய்வும் வந்துவிட்டது.

இப்போது இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது யார்? பெரும்பாலும் 1991இல் பயண நிறுவனங்களே கூடி அமைத்துக்கொண்ட சங்கம். அது நன்றாகவே வேலை செய்கிறது, உண்மையைச் சொன்னால் உங்களைவிட வேகமாக. ஆனால் கப்பல் விடுகிறவர்களே கப்பலைக் குறைக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது, பூனையிடமே பால் சட்டியைக் கொடுத்து அளந்து குடி என்று சொல்வதுதான். அந்தக் கப்பல்கள் பலவும் பஹாமாஸ் போன்ற, உங்கள் உடன்படிக்கையில் சேராத நாட்டின் கொடியைப் பறக்கவிட்டு வருகிறவை வேறு.

அப்புறம், விபத்து. இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே 1969இல் கட்டிய 'எக்ஸ்ப்ளோரர்' கப்பல் 2007 நவம்பரில் பனியில் மோதித் தெற்கு ஷெட்லாந்து தீவுகள் பக்கம் மூழ்கியது. 154 பேரும் பிழைத்தது, பக்கத்தில் இன்னொரு கப்பல் இருந்த புண்ணியம். அது இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. இப்படி ஒன்று நடந்து சூழல் கெட்டால் செலவை யார் ஏற்பது என்ற பின்னிணைப்பை நீங்கள் 2005இலேயே ஏற்றுக்கொண்டீர்கள். இத்தனை ஆண்டுகளாகியும் அது நடைமுறைக்கு வரவில்லை, காரணம் உங்களில் சிலர் இன்னும் ஒப்புதல் தரவில்லை.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற உங்கள் வழக்கம் தெரியும். ஆனால் உங்களில் ஒருவரான நார்வே, வடதுருவப் பக்கமுள்ள தன் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி முதல், காப்பிடங்களுக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது, 43 இடங்களில் மட்டும் இறங்கலாம் என்று போட்டுவிட்டதே. பயணம் நின்றுபோய்விட்டதா என்ன?

2023இல் ஹெல்சிங்கியில் சுற்றுலாவுக்குத் தனி விதிமுறை வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, 2024 மே மாதம் நம் கொச்சியிலும் தொடர்ந்தது. இந்தியா கூட்டத்தை நடத்தியதோடு நிற்காமல், அடுத்த கூட்டத்தில் வரைவையும் தானே வைக்கட்டும்: பருவத்துக்கு இத்தனை பேர், ஒவ்வோர் இடத்துக்கும் இத்தனை பேர், குஞ்சு பொரிக்கும் வாரங்களில் இன்னின்ன இடங்கள் மூடல். அதனால் என் பிள்ளைகளுக்கு முறை வரப் பத்து வருடம் ஆனால் ஆகட்டும், காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
கரையிறங்கி வந்த ஒரு பயணி