லெஃப்டுக்கு, ராயபுரத்திலிருந்து

அன்புள்ள லெஃப்டு,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாவது போய்விடுகிறார். மெட்ரோ வந்த பிறகு தண்டையார்பேட்டைப் பக்கம் போய்வருவது தேவலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மட்டும் அப்படியே வரிசையில் நிற்கின்றன. நீ போன தடவை வந்தபோது பார்த்த அதே லாரிகளாகக்கூட இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் போன பிறகு எந்தச் சபையிலும் சேரவில்லை, ஞாயிறு காலையில் காபி குடித்துக்கொண்டே யூடியூபில் பிரசங்கம் கேட்கிறேன், "எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் கமிட்டி எதற்கு?" என்று எழுதியிருந்தாய். கமிட்டியில் ஒரு டேர்ம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கும் வரும். முக்கியமாக மினிட்ஸ் படிக்கும்போது.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கிற பிரசங்கம் நம்ம சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தைவிட நன்றாகத்தான் இருக்கும். கமிட்டித் தேர்தல் வந்தால் சபை என்ன ஆகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியவர்கள் மறுவாரம் எதிரெதிர் அணி. சாதி பார்த்து ஓட்டுப் போடுவது வெளியே சொன்னால் வெட்கம், உள்ளே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கோர்ட் கேஸுக்கும் பஞ்சமில்லை. இதையெல்லாம் மூடி மறைத்து உன்னைக் கூப்பிட எனக்கு மனசில்லை.

ஆனால் பைபிளில் பவுல் கடிதம் எழுதுகிற கொரிந்து சபையை எடுத்துக்கொள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அங்கேயும் அணிதான். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடு இருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான். இவ்வளவையும் பிட்டுப்பிட்டு வைத்துக் கடிந்துகொள்ளும் அதே கடிதத்தை, பவுல் "தேவனுடைய சபைக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறார். இந்தச் சபை தேறாது, நீங்கள் வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் எழுதவில்லை. பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் ஒத்துப்போகவில்லை. அவர்களையும் ஒருமனப்படச் சொல்லித்தான் கெஞ்சுகிறார். (நம்ம பெண்கள் ஐக்கியத்தில் யார் எயோதியாள், யார் சிந்திகேயாள் என்று நீ யோசிப்பது எனக்குத் தெரிகிறது. வேண்டாம்.)

போன ஞாயிறு ஐயர் தென்னிந்தியத் திருச்சபை உருவான கதையைச் சொன்னார். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். 1947 செப்டம்பர் 27-ம் தேதிதான் நம்ம ஊர் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றானார்கள். பிஷப் இல்லாமல் முடியாது என்கிற ஆங்கிலிக்கன் ஒரு பக்கம், பிஷப்பே தேவையில்லை என்கிற பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் இன்னொரு பக்கம், கூடவே மெத்தடிஸ்ட். 28 வருடம் பேசியிருக்கிறார்கள். நீ ஒரு மீட்டிங்கில் டீ ஆறுவதற்குள் எழுந்து வந்தவன்.

அடுத்து பணம். காணிக்கை எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நியாயமான சந்தேகம்தான், ரொம்பப் பழைய சந்தேகமும்கூட. வேப்பேரி மிஷனில் இருந்த ஃபெப்ரீசியஸ் ஐயர் பெயர் உனக்குத் தெரியும். வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். அவர் அகராதி 1779-ல் அங்கே அச்சானது, அவர் ஜெர்மனிலிருந்து கொண்டுவந்த ஞானப்பாட்டுகளை இன்றைக்கும் பாடுகிறோம். அப்பேர்ப்பட்ட மனுஷன் பணத்தைக் கடனுக்கு விட்டு, அது திரும்பாமல், கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். அவருடைய பக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆள் இருந்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயர்மாரை நம்பித் தனியே விட்டுவிடுவது மரியாதை என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள். பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு அது ஒரு நல்ல சாக்கு, அவ்வளவுதான்.

இந்த வருடம் காணிக்கை எண்ணுகிற கோஷ்டியில் நானும் இருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் சர்ச்சை ஒட்டிய வெஸ்ட்ரி அறை மேஜையில் பைகளைக் கவிழ்ப்போம். வியர்வையில் நனைந்து நாலாக மடிந்த பத்து ரூபாய் நோட்டுகளைப் பிரித்து உள்ளங்கையால் தேய்த்து நேராக்க வேண்டும். சில நோட்டுகளில் காசிமேட்டு மீன் வாசனை அப்படியே இருக்கும். க்யூஆர் கோட் ஒட்டிய பிறகு நோட்டு குறைந்துவிட்டது, சில்லறை குறையவில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை கவர்களில் சிலவற்றில் பெயர் இருக்காது. "மகனுக்கு வேலை கிடைத்ததற்காக" என்று பென்சிலில் எழுதியிருக்கும், உள்ளே ஐம்பது ரூபாய். மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொருளாளர் கைக்குப் போகும். அந்த மாதிரி ஒரு கவரைப் பிரித்துப் பார்த்தவனுக்குக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் விட்டுவிட மனசு வராது. நீ ஆடிட் படித்தவன். பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியை எனக்குக் கடிதத்தில் கேட்டால் நான் என்ன செய்ய?

சபையால் என்ன பிரயோஜனம் என்று கேட்டாயே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நீ ஊரில் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவது வழக்கம்தான், அந்தத் தடவை தெருவே தெரியவில்லை. கரன்ட் இல்லை, போன் இல்லை. சர்ச் ஹாலில் அடுப்பு மூட்டி எலுமிச்சை சாதம் கிளறினோம். யார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்த மாடியில் கைக்குழந்தை இருக்கிறது என்று யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நம்ம பைபிள் உமன் அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம். வருடக்கணக்காகப் படியேறி வீட்டு ஜெபத்துக்குப் போனவருக்குத்தான் அது தெரியும். பொட்டலம் வாங்கியவர்களில் பாதிப் பேர் சர்ச் பக்கமே வராதவர்கள், நம்ம மதத்தையும் சேராதவர்கள். அக்காவுக்கு அவர்களையும் தெரிந்திருந்தது.

இன்னொரு செய்தி. நம்ம ஞாயிறு பள்ளி டீச்சர் போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மனப்பாட வசனம் சொல்லாததற்கு உன் காதைத் திருகியவர். மகன் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை பெண்கள் ஐக்கியத்துக்காரர்கள் முறை போட்டு ஐஸ் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் டீ, ஒரு ஃபேன், மெல்லிய குரலில் கீர்த்தனை. ஐயர் கடிதம், காசிமேடு கல்லறையில் இடம், வண்டி எல்லாவற்றுக்கும் அலைந்தவர் செயலாளர். டீச்சரும் மகனும் தேர்தலில் யாரை எதிர்த்து வேலை செய்தார்களோ அதே செயலாளர்தான். அடக்கம் முடிந்து மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. யூடியூபில் அவ்வளவு அழகாகப் பிரசங்கம் செய்கிறவருக்குத் தண்டையார்பேட்டையில் அந்தச் சந்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை, தெரியவும் முடியாது.

"சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல" என்று எபிரெயர் நிருபத்தில் வருகிறதே. யூடியூப் இல்லாத காலத்திலேயே சிலர் விட்டிருக்கிறார்கள் பார். ஆனால் விட்டுவிடாதே, போய் நல்ல பிரசங்கம் கேள் என்று அந்த வசனம் முடியவில்லை. ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கள் என்று போகிறது. காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் நீ யாருக்குச் சொல்வாய், உனக்கு யார் சொல்வார்? படுக்கையில் இருப்பவர்களுக்கும் ஞாயிறு ஷிஃப்ட் போகிறவர்களுக்கும் அந்த வீடியோ பெரிய உபகாரம், அதை நான் மறுக்கவில்லை. நடந்துபோகக் கால் இருக்கிற உனக்கு அது போதாது என்பதுதான் என் கட்சி. நமக்குப் பிடித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து உட்காரும் இடமாகச் சபையை ஆண்டவர் வைக்கவில்லை. பிடிக்காதவனோடும் ஒரே அப்பத்தில் பங்கு வாங்கிவிட்டு, மறுநாள் அவன் வீட்டுச் சாவுக்கும் போக வேண்டியிருக்கிறது.

ராயப்பர் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன். கத்தோலிக்கர் கோயில்தான், இருந்தாலும் நாம் விளையாடிய வாசல். துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல் தள்ளி நிற்கும். மசூலா படகுக்காரர்கள்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தார்கள். அவர்கள் காசில் எழுந்த கோயில் அது. சம்பளமும் பென்ஷனும் வாங்குகிற நாம் சந்தா கட்ட ரசீது புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறோம்.

உன் பெரியவன் கிடார் வாசிக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அவனை எந்தக் கொயரும் இரு கை நீட்டி வாங்கிக்கொள்ளும். உன் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சபை என்று முதலில் பார்த்துச் சொல். இங்கே ஐயரிடம் கேட்டு உறுப்பினர் மாற்றுக் கடிதம் வாங்கி அனுப்புகிறேன். சந்தா பாக்கி நிறைய இருக்கிறது, அதைக் கட்டினால்தான் கடிதம் கிடைக்கும். தொகையைச் செயலாளரிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் போடுகிறேன், பார்த்துவிட்டு என்னைத் திட்டாதே. அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை. குடும்பத்தோடு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அம்மா உனக்கும் சேர்த்து அதிரசத்துக்கு மாவு பிசைந்துவிடுவார்.

அன்புடன்,
உன் கோலி