என் முதுகின் நீளம் 39 சென்டிமீட்டர்

ராமநாதபுரம் கடற்கரையில் ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பது) பயிற்சி நடத்துகிறவர்களுக்கும், அதற்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பாம்பனுக்குப் பக்கத்து ஊர்க்காரி. உயரம் 148 சென்டிமீட்டர், எடை 41 கிலோ. அம்மா முப்பது வருஷமாகக் கடல்பாசி எடுக்கப் போகிறார். சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, ஒரு வலைப்பை. அவ்வளவுதான் அவருடைய கருவிகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினால் பாறை இடுக்கில் கைவிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டுதான் மேலே வருவார். எங்கள் வீட்டில் யாருக்கும் கடலைக் கண்டு பயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது.

போன வருஷம் ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்தேன். நான்காம் நாள், "உனக்கு இது சரிப்படாதும்மா, சின்ன உடம்பு, தண்ணீரில் நிலைக்கவே மாட்டேன்கிறாய்" என்று என்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடலா உன்னைத் தள்ளுச்சு, அந்தச் சட்டையா?"

சட்டைதான். படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விழுந்து, சொல்லிக் கொடுத்தபடியே, சிலிண்டரை முதுகில் தாங்கும் மிதவை ஜாக்கெட்டில் காற்று ஏற்றினேன். ஜாக்கெட் மேலே போனது, நான் அதற்குள் கீழே தொங்கினேன். தோள்பட்டைத் துணி இரண்டு காதையும் மூடியது. நெஞ்சுப்பட்டை தொண்டையில் வந்து நின்றது. சிலிண்டரின் வால்வு பின்னந்தலையில் டொக் டொக்கென்று இடித்தது. இடுப்பில் வெல்க்ரோ ஒன்றின்மேல் ஒன்று முழுக்க ஏறிவிட்டது, அதற்குமேல் இறுக்க இடமில்லை. எனக்குக் கொடுத்தது எம் (M) அளவு. சின்னது இல்லையா என்று கேட்டதற்கு, "பெண்கள் எல்லாருக்கும் இதைத்தான் போடுகிறோம்" என்றார்கள்.

இதோடு நின்றிருந்தால் அசௌகரியம் என்று விட்டிருப்பேன். பெரிய ஜாக்கெட்டில் பஞ்சும் துணியும் அதிகம், அவை தானாகவே மிதக்கும். அதை மூழ்கடிக்க என் இடுப்பில் 6 கிலோ ஈயம் கட்டினார்கள். அவ்வளவு ஈயத்தோடு கீழே போனால் தரையில் போய் உட்கார வேண்டியதுதான், எழும்ப ஜாக்கெட்டில் இன்னும் காற்று ஏற்றவேண்டும். காற்று ஏற்றினால் ஜாக்கெட் தோளை விட்டு மேலே ஏறுகிறது, ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கிறது, உடம்பு படுக்காமல் நிமிர்ந்து நிற்கிறது. நின்ற உடம்பின் கால்கள் பவளத்தில்தான் படும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகள் ஆழமில்லாதவை. கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. ஜாக்கெட்டில் இருக்கும் காற்று மிக வேகமாகச் சுருங்கி விரிவதும் அந்தப் பத்து மீட்டருக்குள்தான். மற்ற கடல்களில் தாக்குப்பிடிக்கிற தப்பு இங்கே மான்கொம்புப் பவளத்தை உடைத்துவிடும். பவளத்தைக் கணக்கெடுக்க, காப்பாற்ற என்றுதானே எங்களைக் கூப்பிட்டீர்கள்?

சிலிண்டரையும் யோசித்துப் பாருங்கள். வழக்கமான 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் கிட்டத்தட்ட 66 சென்டிமீட்டர் நீளம், காலியாகவே 14 கிலோ. கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை என் முதுகு 39 சென்டிமீட்டர். தையல்கார அக்காதான் இஞ்ச் டேப் வைத்து அளந்து சொன்னார். போதாததற்கு, காற்று தீரத் தீர அலுமினியச் சிலிண்டர் மிதக்க ஆரம்பிக்கும். கடைசியில் சுமார் 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். தளர்ந்த ஜாக்கெட்டில் அது முதுகின்மேல் இடமும் வலமும் உருளும். 80 கிலோ ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்கு அது என்னையே புரட்டிப் போடுகிற விஷயம்.

அப்புறம் ஒரு நாள், சென்னையிலிருந்து வந்திருந்த முக்குளிக்கும் அக்கா ஒருவர் தன் கருவியை எனக்குக் கொடுத்தார். முதுகில் குட்டையான ஒரு இரும்புத் தகடு, அதில் கோத்த ஒரே நாடா, பின்பக்கம் மட்டும் சின்னக் காற்றுப்பை, கால்களுக்கு இடையே வந்து இடுப்பில் மாட்டும் ஒரு பட்டை. நாடாவை முழுக்க உருவி, என் தோளில் வைத்துப் பார்த்துப் பார்த்து மறுபடி கோத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. சிலிண்டரைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினார். தகடே கனமாக இருந்ததால் ஈயம் 2 கிலோ போதும் என்றார்.

அன்று தென்கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. மணலுக்கு ஒரு முழம் மேலே படுத்தபடி நின்றேன். மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழுந்தது, விட்டால் கொஞ்சம் இறங்கியது. கையை அசைக்கவே இல்லை. ஒரு கிளிமீன் பாறையைக் கரகரவென்று சுரண்டுகிற சத்தம் கேட்டது. நான்காம் நாள் என்னைக் கரையில் உட்கார வைத்தார்களே, அதே உடம்புதான் அது.

ஜாக்கெட் வகையே மோசம் என்று நான் சொல்லவில்லை. பின்பக்கக் காற்றுப்பையிலும் குறை உண்டு. நீர்மட்டத்தில் அளவுக்கு மேல் ஊதினால் முகத்தை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும், பழகவேண்டும். முதுகு குட்டையாகவும் தோள்பட்டை மார்பைச் சுற்றி வளைந்தும் பெண்களுக்கென்றே தைத்த ஜாக்கெட்டுகளும் இருக்கின்றன. ஆனால் பெண்கள் மாடல் என்று எழுதியிருந்தாலே எனக்குப் பொருந்திவிடாது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் எம்மாக இருக்கிறது. ஆண்களிலும் சின்ன உடம்புக்காரர்கள் உண்டு. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிற வீட்டுப் பையன்களை நிறுத்திப் பாருங்கள், பாதிப் பேருக்கு உங்கள் எம் தொளதொளக்கும்.

அதனால் டெண்டர் போடுவதற்கு முன்பு ஆட்களை அளந்துவிடுங்கள். மார்பளவும் எடையும் மட்டும் போதாது, முதுகு நீளம் வேண்டும். எக்ஸ்எஸ், எக்ஸ்எக்ஸ்எஸ் என்று கேட்டு வாங்குங்கள். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையென்றால் நாடா கோக்கும் வகையில் குறைந்தது இரண்டு வாங்குங்கள், அதையே பல உடம்புக்கு மாற்றிக் கோக்கலாம். எங்கள் சூடான கடலில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள முக்குளிப்பு உடையோடு முங்குகிற சின்ன ஆளுக்கு 20 கிலோ தூக்கும் காற்றுப்பை எதற்கு? அதில் பாதியே தாராளம். சின்னச் சிலிண்டர் நாலைந்து சேர்த்து வாங்கினால் இன்னும் நல்லது. சின்ன உடம்புக்கு மூச்சுக்காற்றும் பொதுவாகக் குறைவாகவே செலவாகும்.

பயிற்சியாளர் அண்ணன்மாரே, உங்களுக்குத் தனியாக ஒன்று. ஜாக்கெட்டை மாட்டியதும் கரையிலேயே வால்வு சீறும்வரை ஊதுங்கள். விலா நசுங்காமல் ஆழமாக மூச்சு விட முடிகிறதா என்று கேளுங்கள். பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். இரண்டு மூன்று விரல்கடைக்கு மேல் எழும்பி காதைத் தொட்டால் அது அவளுக்குப் பெரிது. பட்டைகளை எல்லாம் இறுக்கிய பிறகும் இழுக்க இன்னும் கொஞ்சம் நாடா மிச்சம் இருக்கவேண்டும். காற்றை வெளியேற்றும் கயிறு கைக்கு எட்டவேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். இதில் தேறாத ஜாக்கெட்டோடு யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். இறக்கிவிட்டு அவள் தடுமாறினால், குற்றத்தை அவள் உடம்பின்மேல் போடாதீர்கள்.

என்னோடு சேர்ந்த ஐந்து பெண்களில் மூன்று பேர் திரும்பி வரவே இல்லை. மூன்று பேருமே பாசி எடுக்கிறவர்கள் வீட்டுப் பெண்கள், நீரோட்டமும் பாறையும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களை நான் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். "அந்தச் சட்டையை மாத்திட்டாங்களா?" என்று கேட்கிறார்கள்.

கச்சான் காற்று ஓய்ந்து தென்கடல் அடங்கியதும் அடுத்த பயிற்சி தொடங்கும் என்கிறார்கள். அதற்குமுன் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து ஒரு காலையில் எங்கள் ஊருக்கு வாருங்கள். கோயில் திண்ணையில் எல்லாரையும் வரச்சொல்கிறேன். இஞ்ச் டேப் தையல்கார அக்காவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பாசிக்காரி மகள்